மேலதிகாரி ‘இன்ட்ரெஸ்டிங்’ என்றால் மகிழலாமா?

ஆபீஸ் ஆங்கிலம், அக்கம்பக்கத்து ஆங்கிலம், அகராதி கைவிட்ட ஆங்கிலம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

‘காத்திருப்பவன்’, சோழிங்கநல்லூர்

கே: லண்டன் கிளையன்ட்டிடம் ஒரு புது யோசனை சொன்னேன். ‘வெரி இன்ட்ரெஸ்டிங்’ என்றார். ‘ஐ வில் பேர் இட் இன் மைண்ட்’ என்றும் சொன்னார். மாதம் ஒன்றாகிறது, பேச்சே இல்லை. எப்போது நினைவூட்டலாம்?

ப: நினைவூட்ட வேண்டாம். அவர் மறக்கவில்லை, மறுத்துவிட்டார். முகத்துக்கு நேரே ‘வேண்டாம்’ என்று சொல்ல ஆங்கிலேயருக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தின் செல்லப் பெயர்தான் ‘இன்ட்ரெஸ்டிங்’. கூடவே ‘வெரி’ சேர்ந்தால் யோசனை கொஞ்சம் கோணல் என்று அர்த்தம். ‘வித் ஆல் டியூ ரெஸ்பெக்ட்’ என்று ஒரு வாக்கியம் தொடங்கினால், மரியாதை அந்த இடத்தோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே பிடித்திருந்தால் அவர் பாராட்டமாட்டார், கேள்வி கேட்பார். எவ்வளவு செலவாகும், எத்தனை பேர் வேண்டும், எப்போது தொடங்கலாம்? செலவைப் பற்றிக் கேட்காத பாராட்டை நம்பி ஆள் எடுத்துவிடாதீர்கள்.

குறைத்துச் சொல்லும் இந்தப் பழக்கம் போர்க்களம் வரை போயிருக்கிறது. 1951 ஏப்ரல், கொரியப் போர். இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டனின் குளோஸ்டர்ஷயர் படைப்பிரிவைச் சீனப் படை வளைத்துக்கொண்டிருந்தது. பிரிகேடியர் டாம் பிரோடி தன் மேலதிகாரியான அமெரிக்க ஜெனரலிடம் நிலைமை கொஞ்சம் ‘ஸ்டிக்கி’ என்று சொன்னாராம். ஆங்கிலேயக் காதில் அதற்கு ‘முடிந்தது கதை’ என்று பொருள். அமெரிக்கக் காதில் ‘சிரமம்தான், சமாளிக்கிறோம்’. பின்வாங்கும் உத்தரவு வேளைக்கு வரவில்லை. 500-க்கும் மேற்பட்ட வீரர்கள் சிறைப்பட்டார்கள். அந்தத் தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் இம்ஜின் என்றால் இந்தக் கதையைத்தான் இன்றும் சொல்கிறார்கள்.

‘பாதி மகிழ்ச்சி’, ஈரோடு

கே: ‘நாட் பேட்’, ‘கொய்ட் குட்’. இரண்டில் எது பெரிய பாராட்டு?

ப: சொல்கிற வாயைப் பார்த்துத்தான் மார்க் போட வேண்டும். ஆங்கிலேயர் ‘நாட் பேட்’ என்றால் நன்றாகவே இருக்கிறது. அவரே ‘கொய்ட் குட்’ என்றால் சுமார். அதே ‘கொய்ட் குட்’ அமெரிக்கர் வாயில் வந்தால் ரொம்ப நல்லது. எனக்குப் பாடம் எடுத்த ஒரு கணக்கு வாத்தியார் ‘பரவாயில்லை’ என்றால் வீட்டில் பாயசம் வைப்பார்கள்.

‘கிரிக்கெட் மட்டும் தெரிந்தவள்’, கோவை

கே: புது அமெரிக்க மேனேஜர் ‘பால்பார்க் ஃபிகர்’ கேட்கிறார், ‘டச் பேஸ்’ செய்வோம் என்கிறார், ‘கர்வ் பால்’ வந்துவிட்டது என்கிறார். நடப்பது மீட்டிங்கா, மேட்ச்சா?

ப: மேட்ச்தான், ஆனால் பேஸ்பால். பால்பார்க் என்பது அவர்களுடைய ஆட்ட மைதானம். ‘பால்பார்க் ஃபிகர்’ என்றால் குத்துமதிப்பு. பந்து மைதானத்துக்குள் விழுந்தால் போதும், எந்தப் புல் மேல் விழுந்தது என்று கேட்கமாட்டார்கள். பேஸ் என்பது ஓடுகிறவர் தொட்டுவிட்டுப் போக வேண்டிய முனை. அதனால் ‘டச் பேஸ்’ என்றால் ரெண்டு வார்த்தை பேசிக்கொள்வோம், அவ்வளவுதான். ‘கர்வ் பால்’ வளைந்து வந்து ஏமாற்றும் பந்து, நமக்குத் தெரிந்த கூக்ளி. ‘ஸ்டெப் அப் டு தி பிளேட்’ என்றால் மட்டையோடு முன்னே வா, பொறுப்பை எடுத்துக்கொள்.

இந்தக் குடும்பத்திலேயே எனக்குப் பிடித்தது ‘ரெயின் செக்’. 1880-களில் மழையால் ஆட்டம் நின்றுபோனால், இன்னொரு நாள் வந்து பார்க்கச் சீட்டு கொடுத்தார்கள். அந்தச் சீட்டின் பெயர் அது. இன்று மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் ‘கேன் ஐ டேக் எ ரெயின் செக்?’ என்று நழுவுகிறார்கள். இப்போது முடியாது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று பொருள். மழை எப்போது விடும் என்று சொல்லமாட்டார்கள்.

ஓர் எச்சரிக்கை. குத்துமதிப்பாக நீங்கள் ஃபோனில் சொன்ன தொகை, அடுத்த வாரம் அவருடைய ஸ்லைடில் பட்ஜெட்டாக ஏறியிருக்கும். அதனால் ஒற்றை எண் சொல்லாதீர்கள். ‘இத்தனையிலிருந்து இத்தனைக்குள்’ என்று சொல்லிவிட்டு, அதை அன்றைக்கே மெயிலிலும் போட்டுவிடுங்கள். உத்தேசம் என்ற வார்த்தை அதில் ரெண்டு இடத்தில் இருக்கட்டும்.

நாளைக்கே ஆங்கிலேய மேனேஜர் வந்தால் கவலை வேண்டாம். ‘ஸ்டிக்கி விக்கெட்’, ‘பேக் ஃபுட்’, ‘ஸ்டம்ப்டு’ என்று எல்லாம் உங்கள் மைதானத்துக்கு வந்துவிடும்.

‘இரண்டு பாஸ், ஒரு தலை’, சென்னை-32

கே: ‘லெட்ஸ் டேபிள் திஸ்’ என்றால் இப்போது பேசுவதா, பிறகு பேசுவதா?

ப: லண்டனில் இப்போது, நியூயார்க்கில் பிறகு. பிரிட்டிஷ் வழக்கில் ஒன்றை ‘டேபிள்’ செய்வது அதை விவாதத்துக்கு எடுத்து வைப்பது. நம் நாடாளுமன்றமும் அந்த வழிதான். அமெரிக்க வழக்கில் அது ஒத்திப்போடுவது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இரு நாட்டு ராணுவ அதிகாரிகளும் இந்த ஒரு சொல்லுக்காக நெடுநேரம் மல்லுக்கு நின்றதைச் சர்ச்சில் தன் போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவசரம், ‘டேபிள்’ செய்யுங்கள் என்றார்கள் பிரிட்டிஷார். அவசரம், ‘டேபிள்’ செய்யவே கூடாது என்றார்கள் அமெரிக்கர்கள். கடைசியில் பார்த்தால் இரண்டு பேரும் கேட்டது ஒன்றே. உங்கள் பாஸ்களிடம் ‘டுடே ஆர் லேட்டர்?’ என்று கேட்டுவிடுங்கள்.

‘இன்பாக்ஸ் கைதி’, தாம்பரம்

கே: ஆபீஸ் மெயில்களுக்கு யாராவது கோனார் நோட்ஸ் போடக்கூடாதா?

ப: போட்டால் போச்சு. ‘பர் மை லாஸ்ட் ஈமெயில்’: போன மெயிலைத் திறந்தாவது பார்த்தாயா? ‘ஜஸ்ட் சர்க்கிளிங் பேக்’: நான் விடுகிற ஆள் இல்லை. ‘ஜென்டில் ரிமைண்டர்’: முதல் தடவை ஜென்டில், மூன்றாவது தடவை உங்கள் மேனேஜருக்கும் காப்பி. ‘லூப்பிங் இன்’ என்று புதிதாக ஒருவரைச் சேர்த்தால் சாட்சி சேர்க்கிறார்கள். ‘ஐ டோன்ட் ஹேவ் தி பேண்ட்வித்’: நேரம் இருக்கிறது, உனக்கு இல்லை. ‘நோட்டட்’: படித்தேன், செய்வேன் என்று சொல்லவில்லை. ‘லெட்ஸ் டேக் இட் ஆஃப்லைன்’ என்று மீட்டிங் நடுவில் கேட்டால், நீங்கள் சரியான கேள்வியைத் தவறான ஆட்கள் முன்னால் கேட்டுவிட்டீர்கள்.

‘பிங் மீ’ மட்டும் இதில் அப்பாவி. எனக்கு ஒரு செய்தி தட்டிவிடு, அவ்வளவே. நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்கும் சோனார் எழுப்பும் ஒலி அது. எதிரே இன்னொரு கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப்பார்க்க மைக் மூஸ் என்ற அமெரிக்கர் 1983-ல் ஒரு சிறு புரோகிராம் எழுதி அதற்கு இந்தப் பெயரை வைத்தார். இப்போது அதை வைத்து மனிதர்களைத் தட்டிப்பார்க்கிறோம்.

இந்த மெயில் மொழியில் ஒரு வசதி உண்டு, கவனித்தீர்களா? இதில் கத்தவே முடியாது. ‘பர் மை லாஸ்ட் ஈமெயில்!’ என்று உரக்கக் கத்திப் பாருங்கள், கத்தியவருக்கே சிரிப்பு வந்துவிடும்.

‘ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்’, பாளையங்கோட்டை

கே: என் மகன் ‘ப்ரீபோன்’ என்கிறான், ‘டூ தி நீட்ஃபுல்’ என்கிறான், பதில் எழுதுவதை ‘ரிவர்ட்’ என்கிறான். இதெல்லாம் ஆங்கிலமா? கண்டித்து எழுதுங்கள்.

ப: ஐயா, மூன்று பேரையும் ஒரே பிரம்பால் அடிக்காதீர்கள்.

‘ப்ரீபோன்’ நல்ல பிள்ளை. போஸ்ட்போன் என்று ஒன்று இருக்கும்போது ப்ரீபோனுக்கு மட்டும் ஏன் இடமில்லை? ஆங்கிலேயர் இதற்கு ‘பிரிங் ஃபார்வர்ட்’ என்று ரெண்டு சொல் செலவழிக்கிறார்கள். ‘மூவ் ஃபார்வர்ட்’ என்றாலோ, புதன்கிழமைக் கூட்டம் திங்களுக்குப் போனதா வெள்ளிக்குப் போனதா என்று அவர்களுக்குள்ளேயே தகராறு. நாம் ஒரே சொல்லில் முடித்தோம், ஆக்ஸ்ஃபோர்டு அகராதியும் ஏற்றுக்கொண்டது. இந்தியாவுக்கு வெளியே பலருக்குப் புரியாது என்ற ஒரு குறை உண்டு. அது அந்தச் சொல்லின் குற்றம் அல்ல.

‘டூ தி நீட்ஃபுல்’ நம் சரக்கே இல்லை. ஒரு காலத்தில் பிரிட்டிஷார் தங்கள் கடிதங்களில் எழுதியதுதான். அவர்கள் விட்டுவிட்டார்கள், நம் தாலுகா ஆபீஸ் விடவில்லை. விட மனம் வராததற்குக் காரணம் இருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்பது எழுதுகிறவருக்கே தெரிந்திருக்க வேண்டியதில்லை, பாருங்கள்! ‘ஆவன செய்யவும்’ என்று தமிழிலும் அதே சௌகரியத்தை வைத்திருக்கிறோம். உள்ளூர்க் கடிதத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். வெளிநாட்டுக்கு எழுதும்போது மட்டும் இன்ன வேலை, இன்ன தேதிக்குள் என்று எழுதச் சொல்லுங்கள்.

‘ரிவர்ட்’ விஷயத்தில் நான் உங்கள் கட்சி. பழைய நிலைக்குத் திரும்புவதுதான் அதற்கு மூலப் பொருள். ‘ஐ வில் ரிவர்ட் டுமாரோ’ என்று படிக்கும் அமெரிக்கர், இவர் நாளைக்கு எதுவாக மாறப்போகிறார் என்று யோசிப்பார். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இதே பழக்கம் இருப்பதால் நாம் தனியாக இல்லை என்பது ஓர் ஆறுதல்.

நீங்கள் கேட்காத ரெண்டு பேர்தான் உண்மையில் ஆபத்தானவர்கள். ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2015’ என்று அமெரிக்காவில் சொன்னால், மயக்கம் போட்டு விழுந்ததாக நினைத்து இப்போது உடம்பு எப்படி என்று விசாரிப்பார்கள். ‘கிராஜுவேட்டட்’ என்று சொல்ல வேண்டும். அங்கே கடையில் போய்ப் பென்சில் எழுத்தை அழிக்க ‘ரப்பர்’ கேட்டால் ஆணுறை இருக்கும் அலமாரிக்குக் கை காட்டுவார்கள். ‘இரேசர்’ என்று கேட்கச் சொல்லுங்கள், குறிப்பாகப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போகும்போது.

‘வெட்கத்தில் மருமகள்’, திருச்சி

கே: எங்கள் பெரிய மாமனார் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு சாவுச் செய்திக்குக் கீழே ‘எல்.ஓ.எல்.’ என்று போட்டுவிட்டார். ‘லாட்ஸ் ஆஃப் லவ்’ என்று நினைத்தாராம். எப்படி எடுத்துச் சொல்வது?

ப: அவருக்குத் துணை இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள். பிரிட்டிஷ் பிரதமராக இருந்த டேவிட் கேமரூன், பத்திரிகை அதிபர் முர்டோக்கின் நிறுவனத்தை நிர்வகித்த ரெபெக்கா புரூக்ஸுக்கு அனுப்பிய குறுஞ்செய்திகளை அவ்வப்போது இதே மூன்று எழுத்தோடு முடிப்பாராம், இதே நினைப்பில். அது விழுந்து விழுந்து சிரிப்பதற்கு என்று புரூக்ஸ் சொன்னதும் நிறுத்திக்கொண்டார். இந்த விஷயம் 2012-ல் லெவ்சன் விசாரணையில் சாட்சியமாகவே பதிவாகி, நாடே சிரித்தது. மாமனார் பாடு குரூப்போடு போயிற்று.

இந்த எழுத்துச் சுருக்கமெல்லாம் இளசுகளின் வேலை என்று அவர் எரிச்சல்பட்டால், இதையும் சொல்லுங்கள். ‘ஓ.எம்.ஜி.’ என்பதை 1917-லேயே ஒருவர் எழுதிவிட்டார். சர்ச்சிலுக்குப் போன கடிதம் அது. எழுதியவர் 76 வயதான அட்மிரல் ஜான் ஃபிஷர்.

‘நேரம் போதாதவன்’, மதுரை

கே: ‘டெட்லைன்’ என்ற சொல்லில் ஏன் சாவு இருக்கிறது?

ப: நிஜமாகவே இருந்ததால். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864-ல், ஜார்ஜியா மாநிலத்தின் ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் சுற்றுச்சுவருக்கு உள்ளே ஒரு கோடு மாதிரி தாழ்வான கட்டைவேலி போட்டிருந்தார்கள். அதைக் கைதி தாண்டினால் காவலாளி சுடலாம். அதன் பெயர் ‘டெட்லைன்’. அங்கே அடைக்கப்பட்ட சுமார் 45,000 பேரில் கிட்டத்தட்ட 13,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் நோயாலும் பட்டினியாலும். முகாம் அதிகாரி ஹென்றி விர்ஸ் 1865-ல் தூக்கிலிடப்பட்டார். பிற்பாடுதான் இந்தச் சொல் அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களுக்கு வந்து, செய்தி கொடுக்க வேண்டிய கடைசி நேரத்தைக் குறித்தது. எனக்கு இந்தப் பத்தியைக் கேட்டு ஆசிரியர் குழுவிலிருந்து வரும் ஃபோனும் அந்த வம்சம்தான்.

‘புதுக் குடித்தனம்’, ஹாரோ, லண்டன்

கே: பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண்மணி ‘யூ மஸ்ட் கம் ரவுண்ட் ஃபார் டின்னர்’ எண்டவ. நான் எண்டைக்கு வாறது எண்டு கேட்டதுக்கு ஒரு மாதிரி முழிச்சவ. நான் என்ன பிழை விட்டனான்?

ப: பிழை ஒன்றும் இல்லை. தேதி இல்லாத விருந்து விருந்தல்ல, வணக்கத்தின் நீளமான வடிவம். ‘லெட்ஸ் கேட்ச் அப் சம்டைம்’ என்பதும் அப்படியே. ‘ஒரு நாளைக்கு வீட்டுப் பக்கம் வாங்கோ’ என்று நாமும் எத்தனை பேரிடம் சொல்லியிருப்போம். அவர்கள் யாராவது மறுநாளே குடும்பத்தோடு வந்து நின்றால் நாமும்தான் முழிப்போம். அந்த ஊரில் காலையில் ‘ஆல்ரைட்?’ என்று கேட்டால் முழங்கால் வலியைச் சொல்லத் தொடங்கிவிடாதீர்கள். பதிலுக்கு நீங்களும் ‘ஆல்ரைட்?’ என்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

‘பயத்தில் இருப்பவர்’, பெருங்குடி

கே: எச்.ஆர். மெயிலில் ‘ரைட்சைசிங்’ என்று வந்திருக்கிறது. சைஸைச் சரிசெய்வது நல்லதுதானே?

ப: யார் சைஸ் என்று பாருங்கள். 1970-களில் அமெரிக்காவில் கார்களைச் சின்னதாக்கியபோது புழங்கிய சொல் ‘டவுன்சைசிங்’. பிறகு அது ஆட்களைக் குறைப்பதற்கு ஆயிற்று. அந்தப் பெயர் கெட்டுப்போனதும் ‘ரைட்சைசிங்’ என்று பெயர் மாற்றினார்கள். ‘லெட் கோ’ என்பது இன்னும் அழகு. ஏதோ நீங்கள் போகத் துடித்ததுபோலவும் அவர்கள் பெருந்தன்மையாகக் கையை விட்டதுபோலவும் இருக்கும். பிரிட்டனில் ‘கார்டனிங் லீவ்’ என்று ஒன்று உண்டு. நோட்டீஸ் காலம் முடியும்வரை சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டிலிரு, போட்டிக் கம்பெனிக்குப் போய்விடாதே, செடிக்குத் தண்ணீர் ஊற்று. ‘மூன்லைட்டிங்’, அதாவது ஒரு கம்பெனிச் சம்பளத்தில் இருந்துகொண்டு இன்னொன்றுக்கும் திருட்டுத்தனமாக உழைப்பது, நம் ஊரில் எல்லார் வாயிலும் புகுந்தது 2022-ல். அப்படி 300 பேரைக் கண்டுபிடித்து நீக்கியதாக விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி அறிவித்த ஆண்டு அது.

மெயிலில் பெயரடைகளை விட்டுவிட்டு எண்களைத் தேடுங்கள். கடைசி வேலை நாள் எது, நோட்டீஸ் காலத்துக்குச் சம்பளம் உண்டா, மீதி லீவுக்குப் பணம் உண்டா? நீங்களே ராஜினாமா எழுதித் தருவதுபோல ஒரு காகிதத்தை நீட்டினால், அந்த அறையிலேயே கையெழுத்துப் போடாதீர்கள். படித்துவிட்டு நாளைக்குத் தருகிறேன் என்று சொல்ல எந்த ஆங்கிலமும் தேவையில்லை.

‘ஸ்டார்ட்அப்பின் அம்மா’, சேலம்

கே: தன் டீம் முழுக்க ‘கூல்-எய்ட் குடித்துவிட்டது’ என்று பையன் பெருமையாகச் சொல்கிறான். ஏதாவது சத்து பானமா?

ப: விஷம். 1978 நவம்பர் 18 அன்று, தென் அமெரிக்காவின் கயானா நாட்டில் ஜோன்ஸ்டவுன் என்ற குடியிருப்பில், ஜிம் ஜோன்ஸ் என்ற மதக்குழுத் தலைவனின் சொல்படி 900-க்கும் மேற்பட்டோர் சயனைடு கலந்த பழச்சுவை பானத்தால் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகள் ஏராளம். தலைவன் சொன்னதைக் கேள்வியில்லாமல் நம்பிவிட்டார்கள் என்பதற்கு அங்கிருந்து வந்த சொல் இது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்று பையனிடம் சொல்லுங்கள். இன்னொன்று, அன்றைக்குக் கலக்கியது பெரும்பாலும் ‘ஃப்ளேவர் எய்ட்’ என்ற வேறு பானம். பழி மட்டும் கூல்-எய்ட் மேல் ஒட்டிக்கொண்டது.

‘பேரனிடம் மாட்டியவர்’, காரைக்குடி

கே: ‘ஓகே’வுக்கு முழு வடிவம் என்ன?

ப: எழுத்துப்பிழை. ‘ஆல் கரெக்ட்’ என்பதை வேண்டுமென்றே தப்பாக எழுதி, அதன் முதலெழுத்துகளைச் சுருக்கமாகப் போடுவது அன்றைய பாஸ்டன் பத்திரிகைக்காரர்களின் குறும்பு. 1839 மார்ச் 23 அன்று ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ இதழில் அச்சேறியது. அதே குறும்பில் பிறந்த மற்ற சுருக்கங்கள் அநேகமாகச் செத்துப்போயின. இதை மட்டும் 1840-ல் அமெரிக்க அதிபர் தேர்தல் காப்பாற்றியது. போட்டியிட்ட வான் பியூரனின் ஊர் கிண்டர்ஹூக். ‘ஓல்ட் கிண்டர்ஹூக்’ என்ற அவர் பட்டப்பெயருக்கும் அதே ரெண்டு எழுத்து வாய்த்தது. அவர் தோற்றார், எழுத்துகள் ஜெயித்தன.

‘ஏழாம் வகுப்பு அ பிரிவு’, கடலூர்

கே: ‘இட் இஸ் ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்று எழுதினால் மார்க் கிடைக்குமா?

ப: கிடைக்கும். பேசினால்தான் கிடைக்காது. ஜோனதன் ஸ்விஃப்ட் 1738-லேயே, உயர்குடி மக்கள் பேசிப்பேசித் தேய்த்த சொற்களைக் கிண்டல் செய்த புத்தகத்தில் இதைச் சேர்த்துவிட்டார். இன்றைய ஆங்கிலேயர் ‘போரிங்’ என்பார், அதாவது கொட்டுகிறது. உங்கள் ஊர் டிசம்பர் மழைக்கு நாய் பூனையெல்லாம் போதவும் போதாது.

‘சிபாரிசு இல்லாதவன்’, தஞ்சாவூர்

கே: ஆங்கிலப் படத்தில் ஒருவர் ஏதோ செய்முறை சொல்லிவிட்டுக் கடைசியில் ‘பாப்ஸ் யுவர் அங்கிள்’ என்றார். யார் அந்த பாப் மாமா?

ப: ‘அவ்வளவுதான், வேலை முடிந்தது’ என்று பொருள். மாமா யார் என்பதற்கு ஒரு கதை உண்டு. 1887-ல் பிரிட்டிஷ் பிரதமர் சாலிஸ்பரி பிரபு, அயர்லாந்தை நிர்வகிக்கும் தலைமைச் செயலர் பதவியை ஆர்தர் பால்ஃபர் என்ற இளைஞருக்குக் கொடுத்தார். பிரபுவின் பெயர் ராபர்ட், சுருக்கினால் பாப். பால்ஃபர் அவருடைய சகோதரியின் மகன். ஆக, அசல் தாய்மாமன். 1902-ல் மாமன் பதவி விலகியதும் பிரதமர் நாற்காலியும் மருமகனுக்கே வந்தது. நம் ஊரில் தாய்மாமன் சீர் என்று தட்டுத் தூக்குகிறவர்கள் இதைக் கேட்டால் தலைகுனிய வேண்டியதுதான். ஆனால் கதையில் ஓர் ஓட்டை. இந்தச் சொல் அச்சில் தென்படுவதே 1920-களில். சீர் கொடுத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகா ஊர் வாயைத் திறக்கும்?